திறந்துதான் இருந்தது

சலவை ஆலையின் மேலாளர், கேளிக்கைப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டரில், வளையத்தின் உச்சியில், தலைகீழாகத் தொங்க ஆரம்பித்து இது ஒன்பதாவது மழைக்காலம். முதல் மழைக்காலத்தில் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. அடுத்ததில் அவருடைய மனைவி ஒரு குடையைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். தலைகீழாக இருப்பவர் குடையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, கீழே நின்று யோசனை சொன்னவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் பூங்கா ஊழியர் ஒருவர் ஏறிப் போய், அதைத் தண்டவாளத்துக்கு மேலே விரித்துக் கட்டிவிட்டு வந்தார். பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது. இப்போது வானம் இருட்டினால், கொடியில் துணி காய்வதைச் சொல்வது போல, மேலாளர் நனையப் போகிறார் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். அவர் ஏன் அங்கே தொங்குகிறார் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வது ஒரே ஒருவர்தான், அவர் அந்த உச்சியில் இருக்கிறார்.

ஆலையில் மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் விரிப்புகள் வெளுத்துக் கொடுப்பார்கள். முன்கூடத்தில் ஆள் உயரத்துக்குச் சுழலும் டிரம்கள். அதை அடுத்துப் பிழியும் இயந்திரம். அதற்கும் பின்னால் வெந்நீர்க் குழாய்கள் சுவரோடு ஓடும் உலர்த்தும் அறை. அறையின் அந்தப் பக்கம் நீராவி விடும் இஸ்திரி உருளைகள், மடிப்பு மேசைகள். அங்கே அக்கா தங்கை இருவர் வேலை பார்த்தார்கள். ஆலையில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெரியவள் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவள் இஸ்திரி உருளையில் நின்றாள். பேச்சு குறைவு, கை வேகம். சின்னவளுக்கு உலர்த்தும் அறை. ஈர விரிப்புகளைக் கம்பிகளில் மாட்டுவதும், காய்ந்ததை உருவுவதும் அவள் வேலை. அவளுக்கு வாய் ஓயாது, விரிப்புகளோடுகூடப் பேசுவாள். பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்தில் பூங்காவின் வளையம் தெரியும். அதில் ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே துடிப்பு. "அக்கா, ஒருநாள் லீவு போட்டுட்டுப் போலாம்க்கா" என்பாள். பெரியவள் உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பாள். அந்த அடுத்த மாதம் வருடக்கணக்கில் அடுத்த மாதமாகவே இருந்தது.

உலர்த்தும் அறைக் கதவுக்கு வெளிப்புறமாகத் தாழ்ப்பாள் போட்டது மேலாளர்தான். உள்ளே வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி வெளியே வந்து காற்று வாங்குகிறார்கள், கதவு திறக்கும்போதெல்லாம் அறையின் சூடு குறைகிறது என்பது அவர் கணக்கு. ஆகவே ஆள் உள்ளே போனதும் தாழ் போடுவது, விரிப்புகள் காய்ந்ததும் திறப்பது என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். மனிதர்களை விரிப்புகளோடு சேர்த்துக் காயப்போடும் வழக்கம் அது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒருநாள் மேலாளரே தன் கையால் தாழைப் போட்டுவிட்டுத் தொலைபேசி அடிக்கிறது என்று தன் அறைக்குப் போனார், போனவர் மறந்துவிட்டார். உள்ளேயிருந்து தட்டிய சத்தத்தை மற்றவர்கள் டிரம் ஓடும் சத்தம் என்று நினைத்தார்கள், அல்லது அப்படி நினைக்க முடிவு செய்தார்கள். மாலை ஷிப்டுக்கு வந்த பெரியவள், தன் தங்கையைக் காய்ந்த விரிப்பு ஒன்றின் மேல் கிடத்தியிருந்ததைத்தான் பார்த்தாள். கை முட்டிகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் தாழ்ப்பாள் காணாமல் போய்விட்டது. திருகாணி இருந்த ஓட்டைகளில் மக்கு அடைத்து மேலே பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். பழைய கதவில் அந்த ஓர் இடம் மட்டும் பளபளத்தது, அதிகாரியின் கண்ணுக்கு மட்டும் அது படவில்லை. அவர் கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார், நன்றாகத்தானே திறக்கிறது என்றார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். டிரம்காரர் திறந்துதான் இருந்தது என்றார். மடிப்புக்காரி தலையைக் குனிந்தபடி திறந்துதான் இருந்தது என்றாள். சூப்பர்வைசர், நான் அந்தப் பக்கமே போகவில்லை, ஆனால் திறந்துதான் இருந்தது என்றார். கடைசியாக மேலாளர், பெரியவள் எதிரிலேயே, குரலில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "கதவு திறந்துதான் இருந்தது சார். பாவம், அசதியில கண் அசந்திருப்பா. தள்ளிப் பார்த்திருந்தா திறந்திருக்கும்."

அவர் அதைச் சொல்லி முடித்த கணத்தில் ஆலையில் எல்லாம் நின்றது. சுவர்க் கடிகாரம் நின்றது. டிரம்கள் பாதிச் சுற்றில் நின்றன, உள்ளே மேலெழுந்த சோப்புத் தண்ணீர் கீழே விழாமல் அப்படியே நின்றது. மின்சாரம் போகவில்லை, விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. பெரியவள் எழுந்து வாசலைத் தாண்டியதும் தண்ணீர் சொத்தென்று விழுந்து எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து அவளுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் ஓடுவது எதுவும் ஓடாது. வீட்டில் பொங்கிய பால் பாத்திரத்துக்கு மேலே தொப்பி மாதிரி நின்றது, வழியவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரம் பாதித் தையலில் மக்கர் செய்தது. இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர் அவள் வீட்டுக்காரர், ஏனென்றால் அவர் பஸ் டிரைவர். அவள் ஏறிய வண்டி இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் இருமிவிட்டு நின்றுவிடும். அவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, "கொஞ்ச நேரம் வேற எதையாவது நினைச்சுக்கோயேன்" என்று கெஞ்சுவார். வேறு எதை நினைப்பது என்று அவள் கேட்பாள். அவர் இறங்கிப் போய் இஞ்சின் மூடியைத் திறந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படி ஒருத்தியை மேலாளர் ஏன் வேலையில் வைத்திருந்தார் என்று கேட்கலாம். கருணை என்று அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. ஆலையில் இருக்கும் நேரமெல்லாம் பெரியவள் தன் கோபத்தை உருளையின் கைப்பிடியில் இறக்கினாள், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள், அதனால் டிரம்கள் நிற்காமல் ஓடின. அப்படி அவள் தேய்த்த விரிப்புகள் அதன்பின் கசங்கவே இல்லை. நோயாளிகள் புரண்டார்கள், புது மணமக்கள் படுத்து எழுந்தார்கள், குழந்தைகள் மேலே ஏறிக் குதித்தார்கள், விரிப்பு மட்டும் அப்போதுதான் விரித்தது போலக் கிடந்தது. விடுதிக்காரர்கள் அவள் கை பட்ட விரிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். ஒரு பெண்ணைக் கொன்றதில் கிடைத்த கோபத்தை விற்றுப் பிழைத்தவர் உலகத்தில் அந்த மேலாளர் ஒருவராகத்தான் இருக்கும்.

வருடம் ஒன்று முடியும் சமயத்தில், நாமெல்லாரும் ஒரே குடும்பம், குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போய்விட்டு வரலாம் என்று மேலாளர் அறிவித்தார். குடும்பத்துக்கு அடையாளமாக எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தார். எந்த இடம் என்று தெரிந்தபோது பெரியவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. பின் ஜன்னலில் தெரிகிற அதே பூங்கா. அவள் போகப் போவதில்லை என்றுதான் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அன்று காலையில் எழுந்தவள், சின்னவள் சார்பில் யாராவது அதில் ஏறத்தானே வேண்டும் என்று தொப்பியை எடுத்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள். ஆலை ஏற்பாடு செய்த வண்டி வழியில் பல முறை நின்றது. பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்த அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கிக் கை காலை உதறிவிட்டு, அது கிளம்பும்போது ஏறிக்கொண்டார்கள்.

பூங்காவில் முதலில் ஏறியது சின்ன ரோலர் கோஸ்டர். கம்பளிப் பூச்சி முகம் வைத்தது, குழந்தைகளுக்கானது. மேடும் பள்ளமுமாக அது போனபோது பெரியவள் வாயிலிருந்து அவளை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. நெஞ்சில் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்ததில் ஒரு துண்டு கழன்று போன மாதிரி இருந்தது. இறங்கி, அடுத்த வரிசையில் நின்றாள். அது மரச் சட்டங்களால் ஆனது, பல் ஆடுகிற அளவுக்கு உலுக்கும். முன்னால் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரின் மஞ்சள் தொப்பி காற்றில் பறந்து, பின்னால் இருந்த டிரம்காரரின் முகத்தில் போய் அப்பிக்கொண்டது. அதை உரித்தெடுக்க முடியாமல் அவர் பள்ளம் முழுக்கக் குருடராக அலறிக்கொண்டே வந்தார். பெரியவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். ரயில் வந்து நின்றதும்தான் தான் சிரித்தது அவளுக்கு உறைத்தது. சின்னவள் ஏற வேண்டியதில் சின்னவள் இல்லாமல் ஏறி, சின்னவளைப் பூட்டிய கூட்டத்தோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் முகத்தில் வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினம் ஒரு கணம் தயங்கிவிட்டுச் சுற்றியது.

பெரிய ரோலர் கோஸ்டரில் யார் எங்கே உட்கார்வது என்பதை மேலாளரே முடிவு செய்தார். வளையத்தின் உச்சியில் ஒரு கேமரா பொருத்தியிருப்பார்கள், ரயில் அங்கே வரும்போது தானாகப் படம் எடுக்கும், அந்தப் படத்தைப் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் வரிசையில் அவர், பக்கத்தில் பெரியவள், இருவரும் சிரித்தபடி. விசாரணை அதிகாரி மறுபடி வந்தால் நிமிர்ந்து பார்க்கும் உயரத்தில் மாட்டலாம். வண்டிகளே அவளுக்காக நிற்பதைப் பார்த்தும் அவளை ரயிலில் ஏற்றியது தப்பு என்று அந்த மஞ்சள் தொப்பிகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. ஆலையில் மேலாளர் காட்டிய இடத்தில் உட்கார்ந்து பழகியவர்கள், பூங்காவிலும் அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார்கள். தோளுக்கு மேலிருந்து இறங்கும் கனத்த கம்பி ஒவ்வொருவர் மார்போடும் பதிந்தது. மேலாளருக்கு உயரம் என்றால் பயம். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் பூங்கா ஊழியரைக் கூப்பிட்டு, "நல்லாப் பூட்டியிருக்கா பாருப்பா" என்றார். ஊழியர் பார்த்துவிட்டுப் போனார். மறுபடி கூப்பிட்டார். "இன்னொரு தடவை பாரு. சரியாப் பூட்டலைன்னா உயிர் போயிடும்."

பெரியவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரயில் சங்கிலியின் பிடியில் கடகடவென்று மேலே ஏறியது. மரங்களும் கூரைகளும் கீழே போயின, தூரத்தில் ஆலையின் புகைபோக்கியும் அந்தப் பின் ஜன்னலும் தெரிந்தன. மேலாளர் பயத்தை மறைக்கப் பேச்சுக் கொடுத்தார். எல்லாம் விதி என்றார். காலம் ஆற்றிவிடும் என்றார். உச்சிக்குப் போகிற நேரத்தில் அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, "உன் தங்கச்சி இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பா இல்ல?" என்றார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ரயில் பள்ளத்தில் பாய்ந்தது, எல்லாரும் அலறினார்கள், அது அடியைத் தொட்டு வளையத்தில் ஏறி, உச்சியில் தலைகீழாகி, நின்றது. கேமரா தன் வேலையைச் சரியாகச் செய்தது. அந்தப் படம் இன்றும் பூங்காவின் வாசலில் இருக்கிறது. அதில் எல்லாருடைய வாயும் திறந்திருக்கிறது. பெரியவளின் வாய் மட்டும் மூடியிருக்கிறது, அவள் மேலாளரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சற்று நேரம் பொருட்கள் மட்டும் விழுந்தன. மஞ்சள் தொப்பிகள், செருப்புகள், ஒரு மூக்குக்கண்ணாடி, டிரம்காரரின் பல்செட். மேலாளரின் கைபேசி புல்தரையில் விழுந்து அங்கே கிடந்தபடியே அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு வரும் அழைப்புகள் எப்போதும் அவசரமானவை. கீழே, ரயிலை இயக்கும் கூண்டில் உட்கார்ந்திருந்த பொத்தான்காரர் தன் பொத்தான்களையெல்லாம் மாற்றி மாற்றி அழுத்தினார். இறங்கு என்றாலும் இறங்கவில்லை, பின்னால் வா என்றாலும் வரவில்லை. பதற்றத்தில் கம்பிகளைத் திறக்கும் பொத்தானையும் அவர் அழுத்தியிருந்தார், எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. பிறகு ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "இங்க எல்லாத்துக்கும் பச்சை விளக்கு எரியுது. எல்லாக் கம்பியும் திறந்துதான் இருக்கு. தள்ளாதீங்க, விழுந்துடுவீங்க!" தள்ளாதே என்றால் மனுஷன் தள்ளத்தானே செய்வான். பயத்தில் ஒருவர் தள்ளினார், இன்னொருவர் தள்ளினார். ஒன்றும் அசையவில்லை. பச்சை விளக்கு எரியும் கம்பிகள் பாறை மாதிரி இருந்தன.

முதலில் உடைந்தது மடிப்புக்காரி. மூன்றாவது வரிசையில் இருந்தாள். கண்ணீர் நெற்றியை நோக்கி வழிந்து தலைமுடியில் இறங்க, "பெரியக்கா, பூட்டித்தான் இருந்தது. நான் சத்தத்தைக் கேட்டேன்க்கா. வேலை போயிடும்னு சும்மா இருந்துட்டேன்" என்று ஓலமிட்டாள். அவள் கம்பி மெல்ல மேலெழுந்தது. எல்லாரும் அவள் விழப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் விழவில்லை. அவள் பாதங்கள் தண்டவாளத்தில் பதிந்தன, தலை தரையைப் பார்த்தபடி, மாடிப்படியில் இறங்குவது போல வளையத்தின் உள்பக்கமாக நடந்து, பாதியில் நேராகி, கீழே புல்லில் போய் உட்கார்ந்தாள். அதன்பின் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலர் மனம் நொந்து சொன்னார்கள், சிலர் இறங்கினால் போதும் என்று சொன்னார்கள். கம்பி அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை. டிரம்காரர் பல்செட் இல்லாத வாயால், டிரம்மை ஒரு நிமிடம் நிறுத்திக் காது கொடுத்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்கும் என்றார், அவர் இறங்கிப் போகும்போது தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். சூப்பர்வைசர் கடைசிவரை பேரம் பேசினார். "ஒருவேளை பூட்டியிருந்திருக்கலாம்" என்றார். கம்பி ஒரு சாண் மட்டும் எழுந்து நின்றது. இடுக்கில் மாட்டிய எலியைப் போல உடம்பை நெளித்துப் பார்த்தார், வெளியே வர முடியவில்லை. ஒருவேளையை எடுத்துவிட்டுச் சொன்ன பிறகுதான் மீதியும் திறந்தது.

பெரியவளின் கம்பி, மடிப்புக்காரி வாயைத் திறந்த உடனேயே திறந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. மேலாளரும் அவளும் மட்டும் இருந்தார்கள். அவள் கேட்க நினைத்தது இந்த ஒரு வருடமாக அவள் தொண்டையில் இருந்த ஒரே விஷயம். பணமோ தண்டனையோ அவள் நினைப்பில் இல்லை. அந்த மனிதனின் வாயிலிருந்து, அவன் குரலில், நான்தான் பூட்டினேன் என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அதைக் கேட்டால்தான் தூங்க முடியும் என்று அவள் நம்பினாள். "கதவு பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா?" என்றாள். மேலாளருக்கு முகம் ரத்தச் சிவப்பாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து நாடகம் போடுகிறீர்கள் என்றார், ஒருத்தருக்கும் நாளைக்கு வேலை கிடையாது என்றார், தன் மனைவி மக்களை நினைத்துப் பார் என்றார். அவள் மறுபடி கேட்டாள். "திறந்துதான் இருந்தது" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. பெரியவள் எழுந்தாள். "அப்ப இதுவும் திறந்துதான் சார் இருக்கு. பச்சை விளக்கு எரியுதாம்" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்து கீழே வந்தாள்.

தீயணைப்பு வண்டியின் ஏணி வந்தது. பழுது பார்ப்பவர்கள் ஏறிப் போய்க் கம்பியை ஒற்றை விரலால் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்கள், எண்ணெய் போட்ட கீல் மாதிரி ஆடியது. மேலாளர் உள்ளேயிருந்து தள்ளினால் மட்டும் அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே இழுத்துப் பார்த்தார்கள், ஆள் இருக்கையோடு வேர் விட்டது போல இருந்தார். "பூட்டியிருக்குய்யா, திறங்கய்யா!" என்று அவர் கத்தினார். "திறந்துதான் சார் இருக்கு, நீங்க சரியாத் தள்ள மாட்டேங்கறீங்க" என்று அவர்கள் அலுத்துக்கொண்டார்கள். சில நாட்களில் அதே விசாரணை அதிகாரி வந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பழுது பார்ப்பவர்களைக் கேட்டார், பொத்தான்காரரைக் கேட்டார், எல்லாரும் திறந்துதான் இருக்கிறது என்றார்கள். தானே ஏணியில் ஏறிக் கம்பியை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். நன்றாகத்தானே திறக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மேலாளர் அவர் முதுகைப் பார்த்துக் கதறியது பூங்காவுக்கு வெளியே பஸ் நிறுத்தம் வரை கேட்டது.

ஆலையில், பூங்காவிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் முதல் வேலையாக மடிப்புக்காரியும் டிரம்காரரும் உலர்த்தும் அறையின் கதவைக் கீலோடு கழற்றினார்கள். யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. அதற்கு நாலு கால் அடித்து மடிப்பு மேசையாக்கினார்கள், பச்சை வண்ணம் பளபளத்த இடத்தைச் சுரண்டி ஓட்டைகள் தெரியும்படி விட்டார்கள். அந்த அறைக்கு அதன்பின் கதவே இல்லை. புது மேலாளர் சூடு வீணாகிறதே என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார், பழைய மேலாளர் இருக்கும் திசையை யாராவது காட்டினால் போதும், பேசாமல் போய்விடுவார். பெரியவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு. அவள் மடிப்புக்காரி கொடுக்கும் தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தாள், அதற்கே சில வருடங்கள் ஆயின. அவள் தேய்க்கும் விரிப்புகள் இன்னும் கசங்குவதில்லை.

பூங்காக்காரர்கள் மேலாளரை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வளையத்தை அவரிடமே விட்டுவிட்டு, அதற்கு அடியில் புதிதாகத் தண்டவாளம் போட்டு ரயிலை ஓட்டினார்கள். அவருக்கு மனைவி கயிற்றில் சாப்பாடு அனுப்பினாள். மாதம் ஒருமுறை முடிதிருத்துபவர் ஏணியில் ஏறினார், கீழே விழும் முடியைப் பிடிக்க ஒரு துணியை விரித்துக்கொண்டார். கொஞ்சநாள் அவர் அங்கிருந்தே ஆலைக்கு உத்தரவுகள் போட்டார், கேட்க ஆளில்லாமல் அது தானாக நின்றுபோனது. பெரியவள் வருடத்துக்கு ஒருமுறை, சின்னவள் போன நாளில், அந்தப் புது ரயிலில் ஏறினாள். பொத்தான்காரர் அவளுக்கு முதல் வரிசையை ஒதுக்கி வைத்திருப்பார். அவள் ஏறினால் ரயில் நிற்குமே என்று யாரும் பயப்படவில்லை, அந்த ஒருநாள் அவள் கோபத்தை நிறுத்திப் பிடித்துக்கொள்வாள், கேட்க வேண்டியதைக் கேட்பதற்காக. வளையத்துக்கு அடியில் ரயில் பாயும்போது ஒரு வார்த்தைக்குத்தான் நேரம் இருக்கும். "கதவு?" என்று அவள் மேலே பார்த்துக் கத்துவாள். "திறந்துதான்!" என்று அவர் கீழே பார்த்துக் கத்துவார். ரயில் போய்விடும். சில வருடங்கள் இப்படியே போயின. இருவருக்கும் தலை நரைத்தது.

இந்த வருடம் அந்த நாளில் காலையிலிருந்தே மழை. ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். பொத்தான்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டி, "வண்டி ஓடாதும்மா இன்னைக்கு, ஆனா நீங்க போங்க" என்று வேலிக் கதவைத் திறந்துவிட்டார். பூங்காவில் ஆள் இல்லை, பாட்டு இல்லை, அலறல் இல்லை. பெரியவள் குடையோடு வளையத்துக்கு அடியில் போய் நின்றாள். மேலாளரின் முகம் அவளுக்கு நேர் மேலே இருந்தது, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இன்று கத்த வேண்டிய அவசரம் இல்லை, அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பிறகு, உத்தரவும் இல்லாத, கெஞ்சலும் இல்லாத சாதாரணக் குரலில் அவர் சொன்னார்: "உள்ளேயிருந்து தள்ளினா திறக்க மாட்டேங்குதும்மா. நான் தள்ளாத நாள் இல்ல. கையெல்லாம் தோலுரிஞ்சு போச்சு. எல்லாரும் வந்து வந்து திறந்துதான் இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க."

சின்னவளின் கை முட்டிகள் பெரியவளின் கண்முன்னால் வந்தன. ஒன்பது மழைக்காலத்தில் ஆறிப் போயிருக்கும் என்று மற்றவர்கள் நினைத்த கோபம் அப்படியே, அதே சூட்டோடு இருந்தது. அவளைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு மழை நின்றது. துளிகள் விழாமல் காற்றில் நின்றன, மேலாளரின் மூக்கு நுனியில் இருந்த துளியும் நின்றது.

"அவளும் தள்ளினா" என்றாள். "யார் பூட்டினது, சொல்லுங்க."

மேலாளரின் உதடு அசைந்தது. முதல் எழுத்துக்கு வாய் திறந்தது போலக்கூட இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி. அடுத்த வருஷம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த துளிகளைக் குடையால் விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவள் போனதும் பின்னால் மழை விட்ட இடத்திலிருந்து பெய்தது.

வாசலில் அவள் வீட்டுக்காரரின் பஸ் நின்றிருந்தது. அவள் ஏறியதும் ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. பயணிகளில் யாரும் முகம் சுளிக்கவில்லை, இந்த நாளில் இந்த வண்டி இங்கே நிற்கும் என்று தெரிந்துதான் ஏறியிருந்தார்கள். ஒருவர் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டார். ஓர் அம்மா மடியில் இருந்த குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டுக்காரர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"சொன்னாரா?"

"பாதி."

அவர் தலையாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வேறு எதையாவது நினைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, அப்படிக் கேட்பதை விட்டு நாளாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வண்டி தானாகக் கிளம்பியது.